கியூடெக்ஸ் போத்தலைத் திறப்பதற்கு முன்

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டில் தம்பியின் பொன்னுருக்கு, அதாவது கலியாணத்துக்கு முன் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு, நடந்தது. பத்தர் உருக்கித் தந்த பொன்னை வெற்றிலையும் பூவும் பரப்பிய தட்டில் வைத்து, வந்திருந்த எல்லோருக்கும் கொண்டுபோய்க் காட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. படப்பிடிப்பாளர் அந்தத் தட்டை மிகக் கிட்ட நின்று எடுத்த படத்தைப் பின்னர் அல்பத்தில் பார்த்தபோது, பட்டாணியளவு பொன்னுக்குப் பக்கத்தில் என் பெருவிரல் அதைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. நுனியில் மெரூன் நிறம் செதில் செதிலாக உரிந்திருந்தது; நகத்தின் அடியில் பூச்சு தோலின் மேல் ஏறி அப்படியே காய்ந்திருந்தது; ஓரத்தில் ஒரு தோல் நார் முள்ளைப் போல எழுந்து நின்றது. இத்தனைக்கும் அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் அழகுக்கலை நிலையம் ஒன்றில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து மெனிக்கியூர் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அந்த நிலையத்தில் சுறுசுறுப்பான ஒரு பிள்ளை, சின்னக் கத்தரியால் நகத்தடித் தோலைச் சுற்றிவரக் கத்தரித்துவிட்டார். அப்போது எரிந்தது, இதெல்லாம் வழக்கமாக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கலியாணத்துக்கு மறுநாள் மோதிரவிரல் நகச்சுற்று வந்து விண் விண்ணென்று இடித்தது. அம்மா தேசிக்காயின் தலையை வெட்டித் துளைத்து விரலில் தொப்பிபோலப் போட்டுவிட்டார். அது குளிர்ச்சியாக இருந்ததேயொழியச் சீழ் இறங்கவில்லை. இறுதியில் வைத்தியரிடம் போய் நுண்ணுயிர்கொல்லி எடுத்தே மாறியது. அதற்குப் பின் என் நகங்களை நானே பார்த்துக்கொள்வதென்று முடிவெடுத்தேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற ஒருத்தி தன் பத்து நகங்களில் ஒரு மெல்லிய படலத்தை ஒழுங்காக ஒட்டவைக்க முடியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏறக்குறைய ஒரு வருடமாகச் செய்து பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: பார்லரில் செய்ததுபோலத் தோன்றவைப்பது நிறமுமல்ல, விலை கூடிய போத்தலுமல்ல, போத்தலைத் திறப்பதற்கு முந்திய முக்கால் மணித்தியாலமே. எங்கள் ஊரில் நகப்பூச்சு என்றால் எந்தக் கம்பனியின் போத்தலாக இருந்தாலும் அதற்குப் பெயர் கியூடெக்ஸ்தான். அந்தப் பெயருக்குரிய கம்பனி அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்றது நகப்பூச்சை அல்ல, நகத்தடியில் ஒட்டியிருக்கும் இறந்த தோலை நீக்குவதற்கான ஒரு திரவத்தை என்பதும், அதன் நகப்பூச்சு 1917இல்தான் வந்தது என்பதும் எனக்குப் பிந்தித் தெரிந்தன. நாங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அதன் முதல் வேலையை மறந்துவிட்டோம்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் பிழை தொடங்குவதும் அதிலிருந்துதான். பார்லர்களில் முதல் வேலையாகச் சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் விரல்களைப் பத்து நிமிடம் ஊறவிடுகிறார்கள். இருக்கிறவருக்குச் சுகமாக இருக்கும். பூச்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நகம் கெரற்றின் என்னும் புரதம் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்ட ஒரு பொருள். அது தண்ணீரை வேகமாக உறிஞ்சி, சற்றே விரிந்து, வளைவு குறைந்து தட்டையாகும். அந்த நிலையில் பூசிய பூச்சு காய்ந்த பிறகு, நகத்திலுள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேறி நகம் பழைய அளவுக்குச் சுருங்கும்போது, மேலே இறுகிப்போன படலம் அதனோடு சேர்ந்து சுருங்க முடியாமல் நுனியில் கழன்றுவிடுகிறது. என்னுடைய மெரூன் இரண்டே நாளில் உரிந்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆகையால் நான் கையை ஊறவிடுவதே இல்லை. பகலில் பாத்திரம் கழுவியிருந்தாலோ உடுப்புத் தோய்த்திருந்தாலோ, ஒரு மணித்தியாலமாவது கழிய விட்டே நகத்துக்கு இருப்பேன்.

அடுத்தது சவர்க்காரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருவதால் கல்சியம் நிறைந்த வன்னீராக இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரம் இந்தத் தண்ணீரில் நுரைப்பதற்கு முன்னர் கல்சியத்தோடு சேர்ந்து, கரையாத ஒரு வெண்மண்டியாக மாறுகிறது. வாளியின் உட்புறத்தில் வழுவழுப்பாகப் பிடித்திருக்கிற அந்த மண்டி, கழுவிய கையின் நகத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படையாக இருந்துவிடுகிறது. அதன் மேல் பூசினால் பூச்சு ஒட்டுவது மண்டியில்தான், நகத்திலல்ல. இதற்கு மருந்து மிக மலிவானது: பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு நகத்தையும் நுனி, இரு ஓரம், அடி என்று அழுத்தித் துடைத்துவிடுவது. இந்த ஒரு படியைத் தவறவிட்ட வாரங்களில் என் பூச்சு நாலு நாள் தாண்டியதில்லை.

இனி ஒழுங்குமுறைக்கு வருகிறேன். பழைய பூச்சைக் கழற்றும்போது பஞ்சால் தேய்க்கக் கூடாது. றிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்திருந்து, பிறகு நுனியை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால் பூச்சு பஞ்சோடு வந்துவிடும். தேய்த்தால் கரைந்த நிறம் நகச் சந்துகளுக்குள் போய்ச் செம்மையாகத் தங்கும். அசற்றோன் உள்ள றிமூவர் வேகமாக வேலை செய்யும், நகத்தையும் தோலையும் அதே வேகத்தில் உலரவும் வைக்கும். அசற்றோன் இல்லாதது என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலும் எதைல் அசற்றேற்று இருக்கும், அது சற்று மெதுவானது. எனக்குச் சாதாரணப் பூச்சுக்கு இரண்டாவதே போதும். இரண்டுமே சட்டென்று தீப்பற்றக் கூடியவை. சாமியறையில் விளக்கு எரிகிற நேரத்தில் அதன் பக்கத்திலே பாய் விரித்து இருந்து இந்த வேலையைச் செய்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நகத்தை வெட்டுவதிலும் அராவுவதிலும் நான் அதிகம் சொல்வதற்கில்லை. காய்ந்த நகத்தையே அராவ வேண்டும். வெட்டியின் உள்ளே மடித்து வைத்திருக்கும் உலோக அரம் நகத்தின் தட்டுகளைக் கிழித்துப் பிரிக்கும். கண்ணாடி அரமோ 240 என்று எண்ணிட்ட மென்மையான அரமோ வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு திசையில் மட்டும் அராவுங்கள், வாள் அறுப்பதுபோல முன்னும் பின்னுமாக அல்ல. நகத்தடி வளைவு எப்படியோ நுனி வளைவையும் அப்படியே விட்டால் விரல் நீளமாகத் தெரியும். நீளம் உங்கள் விருப்பம், ஆனால் சோற்றைக் கையால் பிசைந்து உண்கிறவர்களுக்கும் கணவாய் துப்புரவு செய்கிறவர்களுக்கும் விரல் நுனியைச் சற்றே தாண்டிய நீளமே உகந்தது. வெள்ளிக்கிழமையிலும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக் கூடாதென்று அம்மா இன்றைக்கும் தடுப்பார். "அராவுறதும் வெட்டுறது தானே பிள்ளை" என்று ஒருமுறை அவர் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்த வேலையை மட்டும் சனிக்கிழமைப் பகலுக்கு மாற்றிவிட்டேன்.

முக்கால் மணித்தியாலத்தில் அரைவாசியை விழுங்குவது நகத்தடி வேலைதான், விழுங்கவும் வேண்டும். நகத்தின் அடியில் வளையமாகத் தெரியும் தோல் மடிப்பு உயிருள்ளது. நகம் உருவாகும் வேர் அதற்கு உள்ளேதான் இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டிருப்பதும் அந்த மடிப்புத்தான். அதிலிருந்து கழன்று, நகத்தோடு ஒட்டியபடி மேலேறி வருகிற மெல்லிய வெண்சவ்வு ஒன்று உண்டு, அது இறந்தது. கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பாலாடை ஒட்டிக் காய்ந்ததுபோல ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு அது மங்கலாகத் தெரியும். நீக்க வேண்டியது இந்தச் சவ்வை மட்டுமே. என் விரலில் அந்தப் பிள்ளை வெட்டியது மடிப்பை. நகச்சுற்று வந்த வழி அதுதான். மடிப்பை வெட்டினால் அது அடுத்த முறை தடிப்பாகவும் கரடுமுரடாகவும் வளரும், பிறகு அதையும் வெட்டத் தோன்றும்.

சவ்வை நீக்குவதற்குக் கியூட்டிக்கிள் றிமூவர் என்று ஒரு திரவம் விற்கிறது. அதில் பெரும்பாலும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, அதாவது ஒரு வன்காரம், சிறிதளவில் இருக்கும். அது இறந்த கெரற்றினை இளக்கிவிடும். நகத்தடியில் ஒரு துளி வைத்து, போத்தலில் எழுதியுள்ள நேரத்துக்கு மேல் ஒரு நொடியும் விடாமல், பஞ்சு சுற்றிய மரக்குச்சியால் சிறு வட்டங்களாக உருட்டினால் சவ்வு வெண்ணிற மாவாகத் திரண்டு வரும். குச்சியை நகத்தின் மேல் சாய்வாகப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திக் குத்தினால் நகத்தில் குழி விழும், அந்தக் குழி நகம் வளர்ந்து வெளியேறும் வரை கூடவே வரும். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரம் முழுவதும் உலர ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள். எழுந்து நிற்கும் தோல் நாரை மட்டும் அடியோடு ஒட்ட வெட்டலாம். அதை இழுத்துப் பிய்ப்பது சின்ன வயதிலிருந்து எனக்கும் உள்ள பழக்கம். அது எப்போதும் சதையையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வருகிறது. கத்தரி, வெட்டி முதலியவற்றை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்; மரக்குச்சி ஒரு தடவைக்கு மட்டும்.

நகத்தைப் பளபளக்கத் தீட்டும் கட்டையைப் பற்றி ஒரு சொல்: மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தீட்டும் ஒவ்வொரு முறையும் நகம் மெலிகிறது, அது திரும்பி வருவது மிக மெதுவாகவே. எவ்வளவு மெதுவாக என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் மருதோன்றியில் கண்டிருக்கிறார்கள். மருதோன்றியின் நிறப்பொருள் கெரற்றினோடு பிணைந்துவிடுவதால் நகத்தில் ஏறிய சிவப்பு அழியாது, நகத்தோடு நகர்ந்தே போகும். ஆடி, ஆவணிக் காலத்தில் வரும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இட்ட சிவப்பு, மாதம் மூன்று மில்லிமீற்றர் அளவில் முன்னேறி, தைப்பொங்கலுக்குப் பொங்கப் பானை வாங்கும் நாள்களில் நுனியில் ஒரு பிறையாக மிஞ்சி நிற்கும். கையில் மெஹந்தி போடும்போது நகம் சிவக்க வேண்டாம் என்று எண்ணுகிறவர்கள், முன்னதாக நிறமற்ற பூச்சு ஒன்றை நகத்தில் பூசிவைத்துப் பிறகு கழற்றிவிடலாம்.

இவ்வளவும் ஆன பிறகே போத்தல். அதைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழிகள் நகத்துக்கும் வந்து சேரும். முதலில் நிறமற்ற அடிப்பூச்சு. இது நிறம் பிடிப்பாக ஒட்டுவதற்கும், கடும் சிவப்பும் மெரூனும் நகத்தை மஞ்சளாக்காமல் இருப்பதற்கும் உதவுகிறது. நேரம் குறைவென்றால் நிறத்தில் ஒரு படையைக் குறைப்பேனே தவிர இதை விடமாட்டேன்.

நிறம் பூசும்போது தூரிகையின் ஒரு பக்கத்தைப் போத்தல் வாயில் வழித்துவிட்டு, மறுபக்கத்தில் ஒரு சிறு துளி மட்டும் நிற்கும்படி எடுங்கள். நகத்தின் நடுவில், மடிப்புக்குச் சற்று மேலே தூரிகையை வைத்து, ஒரு மயிரளவு இடைவெளி மிஞ்சும் வரை மெல்ல அடிநோக்கித் தள்ளினால் தூரிகை தானாக விசிறிபோல விரிந்து வளைவைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து நுனிவரை ஓர் இழுப்பு, பிறகு இரு பக்கமும் ஒவ்வோர் இழுப்பு. அந்த மயிரளவு இடைவெளிதான் பார்லர் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். பூச்சு தோலைத் தொட்டால் அந்த இடத்திலிருந்தே உரியத் தொடங்கும். முடிவில் நகத்தின் விளிம்பையும், அதாவது அதன் தடிப்பையும், தூரிகை நுனியால் ஒருமுறை தொட்டு மூடிவிடுங்கள். முதற்படை திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பதறாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். தடிப்பான ஒரு படையைவிட மெல்லிய இரண்டு படைகளே விரைவில் காயும்.

இடக்கையால் வலக்கைக்குப் பூசுவதுதான் எல்லோரும் என்னிடம் கேட்பது. நான் அந்தக் கடினமான கையைத்தான் முதலில் முடிப்பேன், பொறுமை மிச்சமிருக்கும்போதே. இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, இடக்கையின் சின்னவிரலை வலக்கையில் தாங்கவைத்து, தூரிகையை அசைக்காமல் நகத்தை அதன் கீழே திருப்பிக் கொடுத்தால் நடுக்கம் பாதியாகக் குறையும். அப்படியும் வழிந்தால், மகனின் பழைய நீர்வண்ணத் தூரிகை ஒன்றை றிமூவரில் தொட்டுப் பிழிந்து, மடிப்பின் ஓரமாக ஒரே கோடாக இழுத்துவிடுவேன். பஞ்சு சுற்றிய குச்சியைவிட இது எவ்வளவோ நேர்த்தியாக வேலை செய்கிறது.

காய்வதைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. பூச்சில் இருப்பது கரைப்பான்களில் கரைந்த நைத்திரோசெலுலோசு. கரைப்பான் ஆவியாகிப் போனால் மிஞ்சுவது படலம், காய்தல் என்பது அவ்வளவே. ஐஸ் தண்ணீரில் விரலை அமிழ்த்தினால் உடனே காயும் என்கிறார்கள். குளிரில் ஆவியாதல் குறையுமேயன்றிக் கூடாது, மேற்பரப்பு இறுகியதுபோலத் தோன்றுவதோடு சரி. விசிறியை முழு வேகத்தில் நகத்துக்கு நேரே விட்டால் மேற்தோல் முந்திக் காய்ந்து, உள்ளே அகப்பட்ட கரைப்பான் குமிழியாகக் கிளம்பும். படைக்குப் படை ஐந்து நிமிடம் சும்மா இருப்பதுதான் குறுக்குவழி. நிறத்தின் மேல் கடைசியாக இடும் நிறமற்ற மேற்பூச்சும் முடிந்த பின் தொட்டால் ஒட்டாத நிலை கால் மணித்தியாலத்தில் வரும், ஆனால் உள்வரை இறுகச் சில மணித்தியாலங்கள் எடுக்கும்; அதற்குள் படுத்தால் காலையில் பெட்சீற்றின் நெசவு பத்து நகத்திலும் பதிந்திருக்கும். ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவி வைத்து ஒரு மணித்தியாலம் சென்ற பின் தொடங்குகிறேன், நித்திரைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் மிச்சம் வைத்துக்கொண்டு. எல்லாம் இறுகிய பிறகு நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு சொட்டு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுவேன். பார்லரில் இதற்கென்று சின்னப் போத்தலில் தருவதும் எண்ணெய்தான்.

ஜெல் பூச்சைப் பற்றி என் மச்சாள், தம்பியின் மனைவி, கேட்டார். இணையத்தில் விளக்கோடு சேர்த்தே ஒரு பெட்டி வாங்கலாமாம். ஜெல் காய்வதில்லை, புறஊதாக் கதிர் பட்டுப் பல்பகுதியமாகிறது, அதாவது அதன் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்து இறுகுகின்றன. அதனால்தான் அது இரண்டு கிழமைக்கு அசையாமல் நிற்கிறது. ஆனால் விளக்கின் வலு குறைந்தாலோ படை தடித்தாலோ உள்ளே மாறாமல் எஞ்சும் மெற்றக்கிரிலேற்றுக்கள் என்னும் மூலப்பொருள்கள் தோலில் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். பல் அடைப்பதற்கும் எலும்புச் சத்திரசிகிச்சைக்கும் பயன்படும் சில பொருள்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் தொல்லை நகத்தோடு நிற்காது. பிரித்தானியத் தோல் வைத்தியர்களின் சங்கம் 2018இல், குறிப்பாக வீட்டு ஜெல் பெட்டிகளைச் சுட்டியே எச்சரித்தது. ஜெல் பூச்சுக்களை ஒளியில் இறுகவைக்கப் பயன்பட்டுவந்த ரிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து அழகுசாதனங்களில் தடைசெய்திருக்கிறது. கை பழகிய ஒருவரிடம் ஜெல் போட்டுக்கொள்வது வேறு விடயம். வீட்டில் நான் தொடுவதில்லை. மச்சாள் முகம் சற்றே சுருங்கியது. மறுகிழமை சாதாரணப் பூச்சோடு பக்கத்தில் வந்து இருந்தார்.

நிறத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. இளம் நிறங்களும் வெண்மையும் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்ட கறியில் விரல் வைக்கும் வீட்டில் வலக்கை மட்டும் இரண்டு நாளில் மங்கி மஞ்சளித்துப் போகும். இடக்கை அப்படியே இருக்கும், அதைப் பார்க்க இன்னும் மோசம். செங்கல் நிறமும் மெரூனும் கடும் ஊதாவும் தாங்கும். பள்ளிக்கூட நாள்களில் நான் பூசுவது நிறமற்ற பூச்சு மட்டுமே. வெண்கட்டித் தூள் கையை உலர்த்துவதால், பாடம் முடிந்து கழுவியதும் கொஞ்சம் கிறீம் தடவிக்கொள்கிறேன்.

இப்போது என் பூச்சு எட்டு நாள் நிற்கிறது, மூன்றாம் நாளில் நுனிகளுக்கு மட்டும் மேற்பூச்சை ஒருமுறை புதுப்பித்தால். ஒன்பதாம் நாள் காலையில் பெரும்பாலும் போவது வலக்கைப் பெருவிரல். தேங்காய்ப் பாதியைச் சுழற்றிச் சுழற்றித் திருவும்போது கடைசிச் சுற்றில் நகம் திருவலைப் பல்லில் முட்டுகிறது. தேங்காய்ப்பூவில் ஒரு செங்கல் நிறத் துகள் கிடந்தால் அம்மா சம்பல் இடிப்பதற்கு முன்னர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒரு நகத்தை மட்டும் கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி மூன்று படை பூசினால் இன்னும் மூன்று நாள் ஓட்டலாம். திருவுகிற வேலையைத் தம்பியிடம் கொடுத்தும் பார்த்தேன். அவன் திருவியதில் பாதி சிரட்டையோடே இருந்தது.